கியர்ப்பெட்டியின்மேல் சுமத்தும் பழி

தீவுப் பகுதிக்கு ஓட்டோ கியர் வண்டி சரிவராது என்பதும், அது ஒருநாள் கியர் மாறாமல் முரண்டு பிடிக்குமாயின் பெட்டி போய்விட்டது என்று தீர்மானித்துக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஆளனுப்பி வேறொரு பெட்டி இறக்குவதைத் தவிர மார்க்கம் இல்லை என்பதும், பண்ணைத் தாம்போதியைக் கடந்து அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் இறங்குதுறை வரையிலும், வங்களாவடிச் சந்தியிலே பிரிந்து ஊர்காவற்றுறை வரையிலும், வண்டி வைத்திருப்போரும் ஓட்டுவோரும் திருத்துவோரும் ஒருமுகமாக நம்பிவரும் அபிப்பிராயமாகும். தேநீர்க் கடையிலே கேட்டாலும் இதுவே விடை. கராஜிலே கேட்டாலும் இதுவே விடை. கோயில் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வந்திறங்கி, அங்கே ஓட்டோ வண்டியிலேயே பழகிய காரணத்தால் இங்கும் அதனையே வாடகைக்கு எடுத்து ஓட்டுகின்ற உறவினரும், “அது இங்கத்தைய உப்புக்கு நிக்காது” என்று, தாம் ஏறியிருக்கும் வண்டிக்கே சரமகவி பாடுகின்றார். இத்தனை பேர் உடன்பட்ட விஷயத்தை மறுக்கப் புகுவது அகங்காரமாகத் தோன்றலாம். ஆயினும் இந்த அபிப்பிராயம் பரீட்சை செய்து கண்ட முடிவாக இருந்தால் அன்றோ அதற்கு மரியாதை செய்யவேண்டும்? பரீட்சைக்கு முன்னரே, வண்டியின் அடியிலே குனிந்தும் பாராமல், சொல்லப்படும் தீர்ப்பாக அது இருப்பதனாலேயே மறுக்கத் துணிகின்றேன்.

குற்றஞ்சாட்டப்பட்ட பொருள் இன்னதென்பதை முதலிலே சற்று விரித்துரைப்பது அவசியம். கைக்கியர் வண்டியிலே சாரதியின் காலும் கையும் செய்கின்ற காரியத்தை ஓட்டோ வண்டியிலே எண்ணெயின் அமுக்கம் செய்கின்றது. பெட்டிக்குள்ளே கிளச்சுத் தட்டுக் கூட்டங்கள் பல உண்டு. எந்தக் கூட்டத்தை எண்ணெய் இறுக்கி எந்தக் கூட்டத்தைத் தளர்த்துகின்றது என்பதைப் பொறுத்து இன்ன கியர் விழும். 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களிலே ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் பொருத்தி விற்ற ஹைட்ராமற்றிக் பெட்டி முதலாக நெடுங்காலம் வரையிலும், எப்பொழுது மாறுவது என்ற தீர்மானத்தையும் எண்ணெயே செய்துவந்தது. வண்டியின் வேகத்துக்கேற்ப அமுக்கத்தை ஏற்றி இறக்கும் கவர்னர் என்னும் உறுப்பு அதற்கு மந்திரியாய் இருந்தது. பின்னர் அந்த மந்திரியின் இடத்துக்குக் கொம்பியூட்டர் வந்தது. கொம்பியூட்டருக்கு எண்ணெயின் பாஷை தெரியாது. மின்சாரத்தின் பாஷையே தெரியும். ஆதலின் மின்சாரத்திலே கேட்டு எண்ணெயிலே சொல்லும் துவிபாஷி ஒருவன் வேண்டியதாயிற்று. அவனே சொலினொயிட்.

நம் பள்ளிக்கூடப் பௌதிக நூல்கள் இதனை வரிச்சுருள் என்று சொல்லும். செப்புக் கம்பியைக் குழல்போலச் சுற்றி மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது காந்தமாகும்; நடுவேயுள்ள இரும்புத் தண்டு நகரும்; தண்டு நகர்ந்தால் எண்ணெய் வழி ஒன்று திறக்கும் அல்லது மூடும். பெருவிரல் அளவினதாகிய இப்பொருளிலே இதற்குமேல் மாயம் எதுவும் இல்லை. 1990களிலே நம் நாட்டுக்கு வந்திறங்கிய, மின்னியற் கட்டுப்பாடுள்ள நாலு கியர் ரொயோற்றாப் பெட்டிகளை எடுத்துக்கொண்டால், கியரை நிர்ணயிக்கும் சொலினொயிட்டுகள் இரண்டே இரண்டு. ஒன்றாவதற்கு மின் கிடைத்து இரண்டாவதற்குக் கிடையாதபோது முதற் கியர். இரண்டுக்கும் கிடைத்தால் இரண்டாங் கியர். ஒன்றாவதை விட்டு இரண்டாவதற்கு மட்டும் கிடைத்தால் மூன்றாங் கியர். இரண்டுக்கும் கிடையாதபோது ஓவர்டிரைவ் எனப்படும் நாலாங் கியர். மூன்றாவதாக இன்னொரு சொலினொயிட் உண்டெனினும், அது நெடுவழி ஓட்டத்திலே, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவேயுள்ள டோர்க் கொன்வேட்டரைப் பூட்டுதற்கு உரியது. கியர் விவகாரத்திலே தலையிடுவதில்லை. இரவிலே கரையில் நிற்பவன் இரண்டு விளக்கை ஏற்றியும் அணைத்தும் கடலில் நிற்கும் தோணிக்கு நாலு செய்தி சொல்லலாம். பெட்டிக்குள்ளே நடப்பதும் அதுவே. விளக்கொன்று எரியாமற் போனதற்காகத் தோணியை உடைப்பாருண்டோ என்பதே என் வினா.

இனி ஒரு சம்பவம். சில வருஷங்களுக்கு முன் ஆனி மாதத்திலே, நயினாதீவு நாகபூஷணி அம்மன் மகோற்சவ காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு அடியார்களை ஏற்றிச் சென்ற ஒரு பழைய ரொயோற்றா வானிலே நானும் இருந்தேன். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவேயுள்ள வாணர் தாம்போதியிலே சோளகக் காற்று கடலை அள்ளி வீதியிலே எறிந்துகொண்டிருந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்ற வான் மறுபடி புறப்படும்போது, பொதி சுமந்த மாடு மேட்டிலே ஏறுவது போல முனகியது; எஞ்சின் இரைந்ததேயன்றி வண்டி எழும்பவில்லை; முகப்பிலே ‘ஓவர்டிரைவ் ஓஃப்’ என்னும் மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. சாரதியின் முகம் வெளிறியது. லீவரைக் கீழே இழுத்து எல் என்ற எழுத்திலே போட்டுப் பார்த்தான். வண்டி அம்பு போலப் பாய்ந்தது. அப்படியே எல்லிலும் டியிலும் மாறி மாறிப் போட்டு இறங்குதுறையை அடைந்தோம், படகும் தவறவில்லை.

மறுநாட் காலை அந்த வான் ஒரு கராஜுக்குப் போயிற்று. இரண்டு நிமிஷ நேரம் எஞ்சினை இரைய விட்டுக் கேட்டபின் தீர்ப்புச் சொல்லப்பட்டது: “பெட்டி போட்டுது, அண்ணை. வேறை பெட்டிதான் போடவேணும். தீவுக்கு ஓடுற வண்டிக்கு ஓட்டோ வைச்சிருக்கக் கூடாது.” வானின் உரிமையாளர் எனக்கு உறவினர். பழைய விஞ்ஞான வாத்தியார் என்ற சலுகையினால், ஒரு நாள் பொறுக்கும்படி நான் கேட்டதை அவர் தட்டவில்லை. என்னிடம் முன்னர் படித்து இப்பொழுது வாகன மின்வேலை செய்கின்ற ஒரு தம்பியை அழைத்துவந்தோம்.

இங்கே நிறுத்தி, கராஜிலே சொல்லப்பட்ட தீர்ப்பின் நியாயத்தை ஆராய்வோம். வண்டி டியிலே புறப்படவில்லை. ஆதலின் கிளச்சுத் தட்டுகள் தேய்ந்துவிட்டன. ஆதலின் பெட்டி போய்விட்டது. இதுவே அந்த அனுமானம். தாம்போதியிலே, இருபது பேர் கண் முன்பாக, எல்லிலே வண்டி பாய்ந்ததே, அந்தப் பிரத்தியட்சத்தை இந்த அனுமானம் எங்கே வைக்கின்றது? முதற் கியருக்கு வேண்டிய தட்டுகள் தேய்ந்திருந்தால் எல்லிலும் அல்லவா வழுக்கியிருக்கவேண்டும்? உண்மை என்னவெனில், முதற் சொலினொயிட்டின் மின்வழியிலே பழுது கண்டவுடன் கொம்பியூட்டர் அச்சொலினொயிட்டை நம்புவதை விட்டு, பெட்டிக்குக் கெடுதி வராதபடி டியிலே மூன்றாங் கியரைக் கொடுத்துவிடும். மூன்றாங் கியரிலே புறப்படும் வண்டி முனகத்தான் செய்யும். எல்லிலோ லீவரோடு நேரே பிணைந்த வால்வு முதற் கியருக்கு வழி திறந்து கொடுக்கும். ஆகவே நம் ஊரார் பெட்டியின் மரண ஓலம் என்று கேட்டது, பெட்டி தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் செய்த நிதானமான ஏற்பாடு. வைத்தியன் நோயாளியின் கால் நோவுக்கு ஊன்றுகோல் கொடுக்க, வழியிலே கண்டவர்கள் ஊன்றுகோலே நோயென்று சொன்ன கதை இது.

அந்தத் தம்பி செய்தது மூன்று காரியம். முதலாவதாக, எஞ்சின் அருகேயுள்ள பரிசோதனைப் பெட்டியிலே ‘டிஈ1’, ‘ஈ1’ என்று குறித்த இரண்டு துவாரங்களை ஒரு துண்டு வயரினால் இணைத்துச் சாவியைத் திருப்பினான். மஞ்சள் விளக்கு ஆறு முறை சிமிட்டி, சற்று ஓய்ந்து, இரண்டு முறை சிமிட்டியது. 62 என்பது முதற் சொலினொயிட்டின் மின்வழிப் பழுதைக் குறிக்கும் எண். 63 என்றால் இரண்டாவது. 64 என்றால் பூட்டும் சொலினொயிட். புதிய வண்டிகளிலே ஸ்கானரிலே தோன்றும் பி0753, பி0758 என்பன முறையே 62க்கும் 63க்கும் ஒப்பானவை.

இரண்டாவதாகச் செய்ததே இக்கட்டுரையின் உயிர்நிலை. பெட்டியின் பக்கத்திலே சொலினொயிட் வயர்கள் யாவும் வந்து சேரும் இணைப்பை அவன் முற்றாகக் கழற்றிவிட்டான். இப்பொழுது கொம்பியூட்டரும் இல்லை, சொலினொயிட்டும் இல்லை. எண்ணெயும் பற்சில்லுகளும் லீவரும் மட்டுமே எஞ்சின. இந்த நிலையிலே அவ்வகைப் பெட்டி எல்லிலே முதற் கியரையும், 2 என்ற இடத்திலே மூன்றாங் கியரையும், டியிலே ஓவர்டிரைவையும் கொடுக்கவேண்டும். ரிவேர்ஸும் வழக்கம்போல விழவேண்டும். ஒழுங்கையிலே மெதுவாக ஓட்டிப் பார்த்தான். மூன்றும் வெவ்வேறாக, வழுக்காமல் விழுந்தன. பெட்டி நிரபராதி என்பது பத்து நிமிஷத்தில், ஒரு சதமும் செலவின்றி நிரூபணமாயிற்று. ரொயோற்றாவின் திருத்தக் கைந்நூல்களிலேயே விதிக்கப்பட்ட இந்தப் பரீட்சையை, பெட்டி மாற்றச் சொல்லுகின்ற எத்தனை பேர் செய்து காட்டியபின் சொல்லுகின்றனர்? நான் கேட்டறிந்த மட்டில் ஒருவரும் இல்லை.

மூன்றாவது, மல்ரிமீற்றரை எடுத்து அளந்தது. பெட்டிப் பக்கத்து இணைப்பிலே முதற் சொலினொயிட்டின் தடை 13 ஓம். இவ்வகைச் சொலினொயிட்டுக்கு 11 முதல் 15 ஓம் வரை இருப்பது சரி. முடிவிலி என்று காட்டினால் கம்பி அறுந்திருக்கும். பூச்சியத்தை அணுகினால் உள்ளே சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும். ஆகவே சொலினொயிட்டும் நிரபராதி! மற்றப் பக்கத்து இணைப்பைத் திருப்பிப் பார்த்தபோது, ஒரு முனையிலே பச்சைப் பாசி போலத் தூள் படிந்து, வயரை நசுக்கிப் பிடித்த செப்பு நகம் கடற்சிப்பி அரித்த மரம் போல ஆகியிருந்தது. அந்த நகத்தை மாற்றி, மற்றவற்றைத் துப்புரவாக்கி, நீர் புகாதபடி கிறீஸ் பூசி இணைத்து, கொம்பியூட்டரின் ஞாபகத்தை அழிப்பதற்காக அதற்குரிய பியூஸைச் சற்று நேரம் கழற்றி மாட்டினான். வான் அன்று பின்னேரமே குறிகட்டுவானுக்குப் போய் வந்தது.

“உப்புக்கு நிக்காது என்றுதானே நாங்களும் சொன்னோம்?” என்று எதிர்வாதிகள் இவ்விடத்திலே மகிழ்வர். உப்புக் குற்றவாளி என்பதிலே எனக்கும் மறுப்பில்லை. அது எந்த வீட்டிலே புகுந்தது என்பதிலேயே வழக்கு. ஓட்டோ பெட்டியின் உட்புறம் எண்ணெய் நிறைந்து மூடப்பட்ட உலகம். தாம்போதியிலே தெறிக்கும் கடல் நீருக்கு அங்கே பிரவேசமில்லை. உப்பு அரிப்பதெல்லாம் வெளியே தொங்குகின்ற இணைப்புகளையும், வண்டியின் உடலோடு மின்னைத் திருப்பி அனுப்பும் ஏர்த் பட்டியையும், வயர்களின் நகங்களையுந்தான். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு ஈரம் மின்னைக் கடத்தும். மின் கடத்தும் ஈரத்திலே நேர்முனைச் செப்பு கரைந்துபோகும். இப்படிப் பார்த்தால் உப்பு என்பது ஓட்டோ வண்டியை விலக்குவதற்கான காரணமாகாது. பெட்டியைக் கழற்றுவதற்கு முன் இணைப்பைக் கழற்றுவதற்கான காரணமாகும். கைக்கியர் வண்டியின் முகப்பு விளக்கு இதே உப்பினால் எரியாமற் போகும்போது எஞ்சினை மாற்றவேண்டும் என்று எவரும் சொல்வதில்லையே!

அரிப்பு எவ்வளவு வஞ்சகமானது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 12 வோல்ற்று பற்றறி, 13 ஓம் சொலினொயிட். ஓடவேண்டிய மின் ஏறத்தாழ 0.9 அம்பியர். அரித்த முனையிலே 10 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், மின் பாதியளவாகக் குறையும்; சொலினொயிட்டுக்குக் கிடைப்பது 7 வோல்ற்றுக்கும் குறைவு. தண்டு அரைகுறையாக அசையும். சூடேறினால் அதுவும் அசையாது. ஆனால் வழி அறுபடவில்லை ஆதலின் பழைய கொம்பியூட்டர் இதனைப் பழுதாகக் கொள்ளாமலும் போகலாம். மஞ்சள் விளக்குச் சிமிட்டாது. சொலினொயிட்டைத் தனியே அளந்தாலோ 13 ஓம் என்று சாதுவாகக் காட்டும். வண்டி ஓடும்போது, இணைப்பு இணைந்திருக்கும்போதே, சொலினொயிட்டுக்கு உண்மையிலே எத்தனை வோல்ற்று வந்து சேருகின்றது என்று அளந்தாலன்றி இந்தக் கள்வன் பிடிபடான்.

இதனாலேயே, பழைய அபிப்பிராயத்துக்கு எதிராகப் புறப்பட்டு இப்பொழுது இளைஞர் நடுவே பரவிவரும் இன்னோர் அபிப்பிராயத்தையும் மறுக்கவேண்டியிருக்கின்றது. ஸ்கானரைச் செருகு, எண்ணைப் பார், எண் சொன்ன பாகத்தை மாற்று என்பது அவர்கள் மதம். எண் ஒரு மின்வழியின் பெயரைச் சொல்லுகின்றதேயன்றி ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லுவதில்லை. வேலணை வீதியிலே விபத்து என்று செய்தி வந்தால் வேலணையை இடிப்பதில்லை. மறுபுறத்திலே, ஸ்கானர் எண் ஒன்றும் காட்டாதபோது “அப்ப பெட்டிதான்” என்று முடிவு செய்வதும் அதே மதத்தின் மறு பக்கம். சொலினொயிட்டின் சுருள் நன்றாக இருந்து, தண்டு மட்டும் தூளினாலோ பசையினாலோ சிக்கிக்கொண்டால், மின்வழியை மட்டுமே காவல் செய்கின்ற பழைய கொம்பியூட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே மௌனம் பெட்டிக்கு எதிரான சாட்சியமன்று.

சிக்கிய சொலினொயிட்டை அறிவதற்கும் பெட்டியை இறக்கவேண்டியதில்லை. நான் சொல்லும் வகைப் பெட்டிகளிலே எண்ணெயை வடித்து அடித்தட்டைக் கழற்றினால் வால்வுக் கட்டு தலைக்கு மேலே தெரியும். அதிலே சொலினொயிட்டுகள் ஒவ்வொன்றும் ஓர் ஆணியினாலே பிடிக்கப்பட்டிருக்கும். கழற்றி எடுத்துப் பற்றறியைத் தொடுவித்தால் ‘டிக்’ என்ற சத்தம் தெளிவாகக் கேட்கவேண்டும். அத்தோடு திருப்தியடையாமல், நாலைந்து கிலோ அமுக்கமுள்ள காற்றை அதன் வாயிலே செலுத்தி, மின் இல்லாதபோது அடைத்தும் மின் உள்ளபோது விட்டும் நிற்கின்றதா என்று பார்க்கவேண்டும். சத்தம் போட்டுக்கொண்டே வேலை செய்யாத சொலினொயிட்டுகள் உண்டு, மனிதரிலும் உள்ளது போலவே. ஓர் எச்சரிக்கை: எண்ணெயின் பொது அமுக்கத்தை ஆளும் சொலினொயிட் வேறு ஜாதி. அதன் தடை 5 ஓம் அளவே. பற்றறியை நேரே தொடுவித்தால் எரிந்துவிடும். நடுவே ஒரு சிறு பல்பைத் தொடராக வைத்தே அதனைச் சோதிக்கவேண்டும். அடித்தட்டைத் திரும்பப் பூட்டும்போது பலத்தைக் காட்டுதல் ஆகாது; அந்தச் சிறு ஆணிகள் மெல்லிய முறுக்கமே தாங்கும். அடித்தட்டிலுள்ள காந்தத்தையும் பார்க்கத் தவறக்கூடாது. மையைப் போல மிருதுவான சாம்பல் நிறப் பசை வயோதிகத்தின் இயல்பு. மினுங்கும் இரும்புத் துணுக்குகள் கிடந்தால் விஷயம் வேறு.

“பெட்டி மாற்றினவர்களுக்கு வண்டி ஓடத்தானே ஓடுது?” என்று கேட்பார்கள். இதுவே அவர்களுடைய பிரதான ஆயுதம். அநேகரை மயக்குவதும் இதுவே. பெட்டியை மாற்றுகிறவன் வேறென்னென்ன செய்கின்றான் என்று எண்ணிப் பாருங்கள். இணைப்புகள் அனைத்தையும் கழற்றித் திரும்ப மாட்டுகின்றான். மாட்டும்போது பச்சைத் தூள் உரசிப் போகின்றது. பற்றறியைக் கழற்றி மாட்டுகின்றான். கொம்பியூட்டரின் ஞாபகம் அழிகின்றது. ஏர்த் பட்டியைக் கழற்றித் துடைத்து இறுக்குகின்றான். புதிய எண்ணெய் ஊற்றுகின்றான். நோயைத் தீர்த்தது இந்த நாலில் ஒன்றாயிருக்க, புகழை இரும்புப் பெட்டி வாங்கிக்கொள்கின்றது. சில மாதங்கள் சென்றபின், உரசிப் போன பச்சை மீண்டும் முளைத்து, அதே தாம்போதியிலே அதே முனகல் கேட்கும்போது, “பழைய பெட்டியைத் தலையிலே கட்டிவிட்டான்” என்று கொழும்புக் கடைக்காரன் வசையை வாங்குகின்றான். அவன் விற்றதும் ஒருவேளை நல்ல பெட்டிதான். கழற்றி மூலையிலே எறியப்பட்டதும் நல்ல பெட்டிதான்!

எண்ணெயைப் பற்றிய மூடநம்பிக்கையைச் சுருக்கமாகத் தள்ளிவிடலாம். எண்ணெய் மாற்றினால் பெட்டி வழுக்கத் தொடங்கும் என்று பயந்து, பல்லாண்டு காலம் ஒரே எண்ணெயிலே ஓட்டுகின்றனர். வழுக்கத் தொடங்கியபின் பயத்தினால் மாற்றுகின்றனர். வழுக்கலுக்கு மாற்றியதே காரணம் என்கின்றனர். மரணப் படுக்கையிலே வைத்தியரை அழைத்துவிட்டு வைத்தியரே கொன்றார் என்பது போன்றது. எண்ணெயின் அளவையும் பலர் எஞ்சின் ஒயில் பார்ப்பது போல, எஞ்சினை நிறுத்திக் குளிர்ந்த நிலையிலே பார்க்கின்றனர். அளவுக் கோல் உள்ள ரொயோற்றாப் பெட்டிகளிலே, சமதரையில் நிறுத்தி, எண்ணெய் 70 முதல் 80 பாகை வரை சூடேறியபின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்ப் பார்க்கிங்கிலே வைத்து அளப்பதே முறை. எண்ணெய் குறைந்திருந்தால் சொலினொயிட்டின் சொல் எடுபடாது. சொல்லுகிறவன்மேல் கோபிப்பதில் பயனில்லை. கைந்நூல் இன்ன வகை எண்ணெய் என்று கூறியிருக்க, கடையிலே கிடைத்த சிவப்பு எண்ணெய் எதுவானாலும் சரியென்று ஊற்றுவதும் விலக்கத்தக்கது.

பெட்டி ஒருபோதும் பழுதாகாது என்று நான் சாதிக்கவில்லை. இணைப்பைக் கழற்றிச் செய்யும் பரீட்சையிலேயே கியர்கள் விழாமல் வழுக்கினால், ரிவேர்ஸும் சேர்ந்து போயிருந்தால், எண்ணெய் கறுத்துக் கருகல் மணம் வீசினால், காந்தத்திலே துணுக்குகள் கிடந்தால், அந்தப் பெட்டி கழற்றித் திருத்தப்படவேண்டியதே. அதற்குமேல் சொலினொயிட் மாற்றிப் பணத்தை வீணாக்குவது மறுதலையான மடமை. நான் சொல்லிய அடையாளங்களும் எண்களும் ஒரு தலைமுறைப் பெட்டிக்கு உரியவை என்பதையும் மறைக்கவில்லை. நம் ஊரிலே முச்சக்கர வண்டியும் ‘ஓட்டோ’. இரண்டு மிதி மட்டுமே உள்ள கார் யாவும் ‘ஓட்டோ கியர்’. ஒரே சொல்லின் கீழே, படிப்படியான கியரே இல்லாத வாகன்ஆரின் பட்டி வகைப் பெட்டியும், இரட்டைக் கிளச்சு வைத்த ஹொண்டா வெசலும், கியர் மாற்றும் சொலினொயிட்டே இல்லாத பிறியஸும் அடைக்கப்பட்டுக் கிடக்கின்றன. வெசல்காரன் பட்ட துன்பத்தைக் கேட்டுப் பழைய ரொயோற்றாவின் பெட்டியைச் சந்தேகிப்பது, அயல்வீட்டுக்காரனின் பல்வலிக்காகத் தன் காலைக் கட்டுவதாகும்.

என்னை மிகவும் வருத்துவது மற்றொன்று. பொருளாதாரத் தடையினால் பெற்றோலுக்கு வழியில்லாதிருந்த தொண்ணூறுகளிலே, மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் சில துளி பெற்றோல் காட்டி உயிர்ப்பித்து மண்ணெண்ணெயிலே ஓட்டியவர்கள் இந்த மண்ணின் மெக்கானிக்குகள். மின்சாரம் இல்லாத அந்த இரவுகளிலே, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்னிலே வானொலிச் செய்தி கேட்டவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள். டைனமோவுக்குள்ளே இருப்பதும் காந்தமும் கம்பிச் சுருளுந்தானே! அந்தச் சுருளைத் தோழனாகப் பழகியவர்கள், அதன் தம்பியாகிய இந்தச் சுருள் ஒரு பெட்டிக்குள்ளே போய் உட்கார்ந்தவுடன் அந்நியன் என்று அஞ்சுவது ஏன்? அறிவுக் குறைவினால் என்று நான் கருதவில்லை. இணைப்பைக் கழற்றி, அளந்து, யோசித்து, நகமொன்றை மாற்றிக் கொடுத்த அந்தத் தம்பி கேட்ட கூலியைக் கண்டு, “ஒரு வயருக்கோ இவ்வளவு?” என்று என் உறவினர் முணுமுணுத்தார். பெட்டி மாற்றுவதற்கென்றால் அதைப்போலப் பலமடங்கை முணுமுணுக்காமல் எண்ணிக் கொடுத்திருப்பார். கண்ணுக்குத் தெரிகிற இரும்புக்குக் காசு கொடுப்போம். கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மாட்டோம். இப்படியிருக்க, கண்டுபிடிக்கும் தொழிலை விட்டு மாற்றும் தொழிலை மெக்கானிக் மேற்கொண்டால் குற்றம் அவனுடையது மட்டுமோ?

மாற்றுவதற்கென்று வாங்கும் பெட்டி எத்தகையது என்பதையும் எண்ணவேண்டும். 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஐந்து வருஷமும் இருந்த வண்டிகளே ஓடின. கழற்றிய பழம் பாகங்களே கைமாறின. ஆகவே இன்று தேடி வாங்கும் பெட்டியிலே இருக்கின்ற சொலினொயிட்டும், நாம் கழற்றி எறியும் சொலினொயிட்டுக்கு ஒத்த வயதினதாகவே இருக்கக்கூடும்.

நெடுந்தீவை நினைத்தால் இந்த வாதம் இன்னும் கூர்மையாகும். கடல் வழியே அங்கு ஏற்றிச் செல்லப்பட்ட வண்டியொன்றைப் பெட்டி இறக்குவதற்காகக் குறிகட்டுவானுக்குத் திருப்பிக் கொண்டுவருவதென்றால், படகும் காற்றும் ஆட்பலமும் ஒருங்கே இசையவேண்டும். சோளகம் எழுந்தால் நாட்கணக்கிலே காத்திருக்கவும் நேரும். மல்ரிமீற்றரோ சட்டைப் பையிலே அடங்கும். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து அத்தீவின் வெளிகளிலே மேய்ந்து திரியும் குதிரைகளில் ஒன்று நொண்டுமாயின், முதலிலே குளம்பைத் தூக்கி முள் தைத்திருக்கின்றதா என்று பார்ப்பதே மனித சுபாவம். இரும்புக் குதிரைக்கு மாத்திரம் அந்த உபகாரத்தை ஏன் மறுக்கவேண்டும்?

வாசகரே, உங்கள் வண்டி நாளை தாம்போதியிலே முனகி நின்றால் லீவரை எல்லிலே போட்டுப் பாருங்கள். இழுக்கின்றதா இல்லையா என்பதை ஞாபகத்திலே வைத்துக்கொள்ளுங்கள். கராஜிலே “பெட்டி போட்டுது” என்று சொன்னால் கோபிக்கவேண்டாம். “தம்பி, சொலினொயிட் இணைப்பைக் கழற்றிவிட்டு, எல்லிலும் இரண்டிலும் டியிலும் ஒருக்கால் ஓட்டிக் காட்டு, பிறகு கழற்றலாம்” என்று சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்கு உரிய கூலியை முன்னதாகவே அவன் கையிலே கொடுத்துவிடுங்கள்.